அறுபதாங் கலியாணமா? அறுபதாவது பிறந்த நாளா?

நமது அக்காளுக்குச் சென்ற மாதம் 60 வயது நிறைந்தது. அதை நாம் கொண்டாடினோம். கொண்டாடப் போகிறோம் என்பது தெரிந்ததும் ஊர்ப் பெரியவர்களில் இரண்டொருவர் நம்மிடம் வந்து, "ஏன் தம்பி, உன் அக்காளுக்கு அறுபதென்றால் அதற்குச் செய்வதற்கு என்ன இருக்கிறது? அந்த அம்மாள் தாலியறுத்துத்தான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாயிற்றே!" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்களல்லர். அக்காள் அவித்த இட்டிலியை இத்தனை வருஷமும் தின்று வந்தவர்கள்தாம். கடன் சொல்லித் தின்றவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் வம்புக்காகவும் கேட்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த உலகத்தில் அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு வயது நிறைவதென்பது ஒரு சங்கதியே அல்ல என்று மெய்யாகவே நம்பிக் கேட்டார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தோம்.

நமது நாட்டில் அறுபது என்றால் அது ஆண்பிள்ளைக்கு வருகிற அறுபதே ஒழிய வேறில்லை. சஷ்டியப்த பூர்த்தி என்று வடமொழியில் பெயர் வைத்து, நம்மவர் அறுபதாங் கலியாணம் என்று சொல்லிக் கொள்ளும் சடங்கில் கணக்கில் எடுத்துக் கொள்ளப்படுவது புருஷனுடைய வயது ஒன்றுதான். மனைவிக்கு அப்போது 52 ஆனாலென்ன, 56 ஆனாலென்ன? கேட்பாரில்லை. அவளுக்கு அங்கே உள்ள வேலை பக்கத்து மணையில் உட்காருவதும், கலசத் தண்ணீரைத் தலையில் வாங்கிக் கொள்வதும், கழுத்தில் ஒரு தாலி கிடக்கும்போதே இன்னொரு தாலிக்குக் கழுத்தை நீட்டுவதுமேயாகும். பிறகு சில வருஷம் கழித்து அவளுக்கே 60 நிறையும்போது அவள் எங்கே இருக்கிறாள்? அடுப்படியில் இருக்கிறாள். அன்றைக்கு அது அவளுக்கும் ஞாபகமில்லை, வீட்டாருக்கும் ஞாபகமில்லை.

மனைவியை இழந்த ஆணுக்கும் இந்தச் சடங்கு கிடையாது. கலியாணமே வேண்டாமென்றிருந்தவனுக்கும் கிடையாது. புருஷனை இழந்தவளுக்கோ கிடையாதென்பது மாத்திரமல்ல, பிறர் வீட்டு அறுபதாங் கலியாணத்திலும் முன்வரிசையில் நிற்க அவளுக்கு உத்தரவில்லை. ஆகவே இந்தச் சடங்கில் வயதுக்கு மரியாதை செய்கிறோம், பெரியோரைப் போற்றுகிறோம் என்பதெல்லாம் சுத்தப் பொய்யாகும். வயதுக்கு மரியாதையானால் 60 நிறைந்த எல்லாருக்குமல்லவா அது கிடைக்க வேண்டும்? மரியாதை தாலிக்கு, தட்சிணை புரோகிதருக்கு, மற்றப்படி வயது என்பது நாள் குறிப்பதற்கு ஒரு சாக்கு, அவ்வளவே.

நமது தெருவில் ஒரு கொத்தனார் உண்டு. நல்ல வேலைக்காரர், நாம் குடியிருக்கும் வீட்டுச் சுவரும் அவர் கட்டியதுதான். அவருக்கு 60 நிறைந்தபோது ஒரு ஜோசியர் 'கண்டம்' இருக்கிறதென்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் பிள்ளைகளுக்குக் கவுரவம், சம்பந்திகளுக்கு முன் மானம். திருக்கடையூரில் வைத்துக் கலசம், ஹோமம், மேளம், வேன், புடவை, வேஷ்டி, சாப்பாடு என்று அறுபதினாயிரம் ரூபாய் ஆயிற்று. வயதுக்கு ஆயிரம் வீதம் என்று வைத்துக் கொள்ளலாம். இந்தப் பணம் எங்கிருந்து வந்ததென்றால், அவர் மனைவியின் பேரில் எடுத்த மகளிர் குழுக் கடனிலிருந்து வந்தது. அந்த அம்மாளுக்கு இரண்டாந் தாலியும் வந்தது, வாரத் தவணையும் வந்தது. கண்டம் நீங்கினதாகச் சொல்லப்பட்ட கொத்தனாரோ, அந்தத் தவணையைக் கட்டுவதற்காக, விட்டுவிட வேண்டுமென்று நினைத்திருந்த சாரத்தில் அறுபத்தோராவது வயதில் மறுபடி ஏறி நிற்கிறார். கண்டம் எங்கே இருந்தது, எங்கே உண்டாயிற்று என்பதை வாசகர்கள் யோசித்துக் கொள்ளட்டும்.

இதில் உள்ள தந்திரம் என்னவென்று பார்ப்போம். 59 முடிந்து 60 தொடங்கினால் உக்ரரத சாந்தி. 60 நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி. 70 ஆனால் பீமரத சாந்தி. 80-க்கு மேல் சதாபிஷேகம். சாந்தி என்றால் என்ன அர்த்தம்? ஏதோ ஒன்று கோபமாய் இருக்கிறது, அதை அடக்க வேண்டும் என்று அர்த்தம். மனிதன் சும்மா சந்தோஷமாய் 60 வயதைத் தொடுகிறான். அவனைப் பிடித்து நிறுத்தி, 'உனக்கு ஆபத்து' என்று முதலில் பயத்தை விற்கிறார்கள். பிறகு அந்தப் பயத்துக்குப் பரிகாரத்தை விற்கிறார்கள். இரண்டுக்கும் கடை ஒன்றே. பிறந்த நாளைப் போய் எமன் வருகிற நாளாகச் செய்துவிட்ட கெட்டிக்காரத்தனத்தை நாம் வேறெந்த வியாபாரத்திலும் கண்டதில்லை.

சதாபிஷேகத்தைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை. ஆயிரம் பிறை கண்டவர் என்கிற கணக்கு ஓரளவு சரிதான். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் 29 ½ நாளுக்குச் சற்று மேல் ஆகிறபடியால் ஆயிரம் பௌர்ணமிக்குச் சுமார் 80 வருஷமும் 10 மாதமும் ஆகும். மிகவும் அழகான கணக்கு. அப்படியானால் அந்தக் கிழவரை மொட்டை மாடிக்கு அழைத்துக் கொண்டு போய் ஆயிரத்தோராவது நிலவைக் காட்டுவதுதானே? அதற்கு நடுவில் மந்திரம் சொல்ல ஒருவர் எதற்கு?

நிற்க, திருக்கடையூருக்கு வருவோம். மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயதில் சாவு என்று விதித்திருந்ததாம். எமன் கயிறு வீசினானாம். அவன் லிங்கத்தைக் கட்டிக் கொண்டானாம். சிவன் வெளிவந்து எமனை உதைத்துக் கொன்றாராம். இதனால் அந்த ஊரில் சடங்கு செய்து கொண்டால் ஆயுள் விருத்தியாம். முதலாவது, கதையில் வருகிற பையனுக்கு வயது 16. அவன் பிரம்மசாரி. அவனுக்கும் 60 வயதுக் கிழவர் தாலி கட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறோம். இரண்டாவது, எமன் செத்துப் போனபின் ஒருவரும் சாகாமல் பூமி பாரந் தாங்காது தவித்ததென்றும், அதனால் எமன் மறுபடி எழுப்பப்பட்டானென்றும் அதே கதையில் சொல்லப்படுகிறது. ஆகவே அவர்கள் கணக்குப்படியே எமன் வேலையில் திரும்பச் சேர்ந்து எத்தனையோ யுகமாகிறது! அவன் உதைபட்ட சமாசாரத்தைச் சொல்லி வசூல் செய்கிறவர்கள் அவன் திரும்பி வந்த சமாசாரத்தை ஏன் சொல்லுவதில்லை?

'கதை கிடக்கட்டும், அறுபதில் ஒரு வானசாஸ்திரம் இருக்கிறது. வியாழனுக்குப் பன்னிரண்டு வருஷம், சனிக்கு முப்பது வருஷம், அறுபது வருஷத்தில் இரண்டும் பிறந்தபோது இருந்த இடத்துக்கே வந்துவிடுகின்றன' என்று சில படித்தவர்கள் பேசுகிறார்கள். படித்தவர்களாகையால் கணக்காகவே பதில் சொல்லுகிறோம். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவரச் சுமார் 11.86 வருஷமும், சனி சுற்றிவரச் சுமார் 29.46 வருஷமும் ஆகின்றன. வியாழனுக்கு ஐந்து சுற்று 59 வருஷமும் சில மாதமுமாக முடிந்துவிடுகிறது. சனிக்கு இரண்டு சுற்று 59 வருஷம் நிறைவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே உங்களுடைய அறுபதாவது பிறந்த நாளன்று வியாழன் தன் பழைய இடத்தைத் தாண்டிச் சுமார் 21 பாகையும், சனி சுமார் 13 பாகையும் போய்விட்டிருக்கும். நீங்கள் மணையில் உட்கார்ந்து வரவேற்கிற கிரகங்கள் வந்துவிட்டுப் போய்ப் பல மாதங்களாகின்றன என்பதை அறியவும். வந்திருந்தால்தான் என்ன? ரயில் மாயவரத்துக்குத் திரும்பி வந்ததென்பதற்காக எந்த ஸ்டேஷன் மாஸ்டராவது இரண்டாந் தாரம் கட்டிக் கொள்கிறாரா?

பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது வருஷப் பெயர்களின் யோக்கியதையையும் நாம் மறக்கக் கூடாது. நாரதர் பெண்ணாக மாறிக் கிருஷ்ணனோடு கூடி அறுபது பிள்ளைகள் பெற்றதாகவும், அவர்கள் பெயர்களே இவை என்றும் சொல்லுகிற கதையை நமது இயக்கத்தார் எத்தனையோ மேடைகளில் எடுத்துக் காட்டியாகிவிட்டது. 1965-இல் வந்த விசுவாவசு 2025-இல் திரும்பி வந்தது. வந்தது பெயர் மாத்திரந்தான். 1965-இல் இந்தியை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்கள் இன்று தாத்தாக்கள். பெயர் திரும்பி வந்ததனால் அவர்களில் ஒருவருக்காவது ஒரு மயிர் கறுத்ததா?

எமனை மெய்யாகவே உதைத்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கோயில் இல்லை. இந்த நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் பிறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கக்கூடிய சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இன்று சுமார் 70 வருஷம். இந்த இடைக்காலத்தில் ஹோமம் கூடிற்றா, குண்டம் கூடிற்றா? 1796-இல் ஜென்னர் என்கிற வைத்தியர் மாட்டம்மைப் பாலை எடுத்து ஒரு பையனுக்குக் குத்திப் பார்த்தார். அதிலிருந்து தொடங்கிய வேலை, 1977-இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்ததென்றும் 1980-இல் உலகத்திலேயே ஒழிந்ததென்றும் சொல்லும்படியாக முடிந்தது. மாரியாத்தாள் எத்தனை நூற்றாண்டு கூழ் குடித்தும் செய்யாத காரியம் இது. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து மலேரியாக் காய்ச்சலின் கிருமியைக் கண்டார். 1928-இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். காவிரிப் பாசனத்து ஊர்களில் வாந்திபேதி வந்தால் தெருத் தெருவாகப் பாடை போகும் என்று நமது பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு குவளைத் தண்ணீர் அந்த எமனைத் தடுத்து நிறுத்துகிறது. நமது ஊரில் 60 வயதைத் தொட்டவர்கள் இத்தனை பேர் நடமாடுவதற்குக் காரணம் ஊசி போட வந்த நர்ஸம்மாளும், குழாய்த் தண்ணீரும், ரேஷன் அரிசியும், அரசாங்க ஆஸ்பத்திரியுமேயாகும். நன்றி சொல்ல வேண்டுமானால் அந்த நர்ஸம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட வேண்டும்.

பெரியாருடைய அறுபது எப்படி வந்தது என்பதைத் தோழர்கள் அறிவார்கள். 1879 செப்டம்பர் 17-இல் பிறந்தவர் இந்தி எதிர்ப்புக்காக 1938 டிசம்பரில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போய், 1939 மே மாதத்தில் வெளியே வந்தார். அந்தச் செப்டம்பரில் 60 நிறைந்தது. அவருக்கு உக்ரரத சாந்தி சிறைச்சாலையில் நடந்தது என்று வேண்டுமானால் வைத்துக் கொள்ளுங்கள். அதற்குப்பின் ஒரு கலசத் தண்ணீரும் தலையில் விழாமல் இன்னும் 34 வருஷம் இருந்து, 1973 டிசம்பர் 19-இல்கூடச் சென்னை தியாகராய நகரில் மேடையேறிப் பேசிவிட்டு, அந்த 24-ஆந் தேதியன்று 94 வயதில் முடிந்தார். ஹோமம் செய்து கொள்ளாதவன் ஆயுள் குறையும் என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?

இனி நம்மவர்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் அக்காளின் பிறந்த நாளைச் சாப்பாடு, சினிமா, ஊர் சுற்றல் என்று கொண்டாடப் போவதாகச் சொன்னபோது, நமது இயக்கத் தோழர் ஒருவரே முகத்தைச் சுளித்தார். 'சிக்கனம் பேசுகிறவர்கள் நாம். கலியாணத்தையே பத்து நிமிஷத்தில் முடியுங்கள் என்கிறோம். புரோகிதனுக்குக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு ஹோட்டல்காரனுக்குக் கொடுப்பதா?' என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் நாம் சிக்கனம் பேசினது எதற்காக? கடன் வாங்கி, பயந்து, ஊருக்காகச் செலவு செய்து, பிறகு வருஷக் கணக்காக வயிற்றைக் கட்டும் மடமை ஒழிவதற்காகவே தவிர, உழைக்கிறவன் ஒரு நாளும் சிரிக்கக் கூடாது என்பதற்காக அல்ல. அதிலும் ஆண்பிள்ளைகளாகிய நாம் மகாநாடென்றும் கூட்டமென்றும் ஊர் ஊராய்ப் போகிறோம். ராத்திரி பன்னிரண்டு மணி வரை டீக்கடையில் உலக விவகாரம் பேசுகிறோம். இதற்கெல்லாம் ஆகும் சில்லறையை ஒருவரும் வீண் செலவு என்பதில்லை. வீட்டுப் பெண்ணை ஒரு நாள் வெளியே அழைத்துப் போனால் மாத்திரம் சிக்கனம் ஞாபகத்துக்கு வருகிறது. இது சிக்கனமல்ல, பழைய சரக்குக்குப் புதுச் சீட்டு ஒட்டியதாகும்.

மற்றொரு கூட்டமும் உண்டு. மந்திரம் வேண்டாமென்று விட்டுவிட்டு, 'மணி விழா' என்று பேர் போட்டு, தெரு முனையெல்லாம் படம் வைத்து, ஆளுயர மாலை போட்டு, நாலு மணி நேரம் வாழ்த்துரை நடத்துகிறார்கள். அந்த நாலு மணி நேரமும் தோழருடைய துணைவியார் மேடைக்குப் பின்னால் காபி ஆற்றிக் கொண்டிருப்பதை நாமே பார்த்திருக்கிறோம். புரோகிதர் போனார், மணை போகவில்லை.

அக்காளுடைய கதைக்கு வருகிறோம். அவளுக்கு 24 வயதில் புருஷன் இறந்தார். கையில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் பத்து வயதில் நாம். தகப்பனாரும் அதற்கு முன்பே போய்விட்டார். அன்று முதல் இன்றுவரை விடியற்காலம் மூன்றரை மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, இட்டிலி வைத்து, எட்டு மணிக்குள் விற்று, மறுபடி அரிசி ஊறப் போட்டு, இப்படியே முப்பத்தாறு வருஷம். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்து வகுப்பு. மற்றதெல்லாம் இட்டிலி கட்டிக் கொடுப்பதற்காக அவள் எடைக்கு வாங்கி வந்து போடுகிற பழைய பத்திரிகைகளில் படித்ததுதான். ஈ.வெ.ரா. என்கிற பெயரை நாம் முதன்முதல் பார்த்தது சட்னி ஒழுகிய ஒரு காகிதத்தில். அவளுடைய மகளுக்குச் சுயமரியாதைத் திருமணம் செய்தபோது (1967-இல் அண்ணா ஆட்சியில் இதற்குச் சட்டம் வந்ததை நினைவூட்டுகிறோம்) அக்காளேதான் முன்னின்று மாலையை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குச் சாப்பிடாமலே போன உறவினர் சிலர் உண்டு.

அவளுக்குப் பிறந்த நாள் எது என்று தேடியதே ஒரு வேடிக்கை. எங்கள் தகப்பனார் ஆண்பிள்ளைக்கு ஜாதகம் எழுதி மஞ்சள் தடவி வைத்திருந்தார். பெண்ணுக்கு எழுதவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட்டில் வாத்தியார் போட்ட தேதியையே வைத்துக் கொண்டோம். நட்சத்திரம் தெரியாத காரணத்தால் எந்தக் கிரகமும் அழைக்கப்படவில்லை.

"என்ன வேண்டும்?" என்று கேட்டோம். புடவை என்பாள் என்று நினைத்தோம். அவள் வெகுநேரம் யோசித்து, "யாராவது எனக்குப் பரிமாற வேண்டும், இட்டிலி மட்டும் வேண்டாம்" என்றாள்.

மாயவரத்தில் ஒரு ஹோட்டலுக்குப் பதினொரு பேர் போனோம். அக்காளும் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இருவரும்; நாமும் துணைவியும் மகனும்; அவளோடு இருபது வருஷம் மாவாட்டின ஓர் அம்மாள்; அவளுக்குப் பிரசவம் பார்த்து இப்போது ஓய்விலிருக்கும் நர்ஸம்மாள்; நமது தெருவைக் கூட்டுகிற அம்மாள். இந்தக் கடைசி அம்மாள் உட்காரத் தயங்கி, "நான் பார்சல் வாங்கிக்கிறேனே" என்றார். அக்காள் அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். 1924-25-இல் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், எல்லார் பணத்திலும் நடந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியிடத்தில் சாப்பாடு போட்டதைப் பற்றிக் கிளம்பின சண்டையிலிருந்துதான் நமது இயக்கத்துக்குப் பாதி வேகம் வந்தது. நூறு வருஷம் கழித்தும் ஒரு மனுஷி நாற்காலியில் உட்காரத் தயங்கினாள் என்பதை எழுத நமக்கு வெட்கமாய் இருக்கிறது. ஆனாலும் உட்கார்ந்தார்; கோழி பிரியாணி வந்தது; இரண்டாந் தடவையும் வாங்கிக் கொண்டார். அக்காள் சாப்பாடு முழுதும் சந்தோஷமாய் இருந்தாள் என்று எழுதினால் பொய்யாகும். வெங்காயப் பச்சடியில் தயிர் புளித்துவிட்டதென்றும், இந்த விலைக்குத் தானாயிருந்தால் ஊருக்கே போடுவேனென்றும் பரிமாறுகிற பையனிடம் சொல்லிக் கொண்டே இருந்தாள். அவனும் சிரித்துக் கொண்டே இன்னொரு கரண்டி வைத்தான்.

அன்று ராத்திரி இரண்டாவது ஆட்டம் சினிமா. சினிமா என்றாலே வைகிற தோழர்கள் நம்மை வையட்டும். படம் அப்படியொன்றும் பிரமாதமல்ல. இடைவேளைக்குப்பின் அக்காள் தூங்கியே விட்டாள். மூன்றரை மணிக்கு எழுகிறவளல்லவா? விசேஷம் படத்தில் இல்லை. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மணி ஒன்று. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் நாங்கள் நின்றோம். அக்காள் டம்ளரைக் கையில் வைத்துக் கொண்டு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். "இந்நேரத்துக்கு இத்தனை பேர் முழித்துக் கொண்டிருக்கிறார்களா? இத்தனை நாளும் நான் ஒருத்திதான் முழித்திருக்கிறேன் என்றல்லவா நினைத்தேன்" என்றாள். இருட்டியபின் வெளியே நிற்பது பெண்ணுக்கு அடுக்காதென்று எழுதி வைத்தவர்களை நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவராவது ஒருநாள் விடியற்காலம் மூன்றரை மணி இருட்டில் அடுப்பூத வந்ததுண்டா என்று கேட்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடிக்குப் போனோம். பஸ் செம்பொன்னார்கோயில், ஆக்கூர் வழியாகத் திருக்கடையூரைத் தொட்டுக் கொண்டுதான் போகிறது. 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசில்லை என்பது நடைமுறையில் இருந்தும், கடையை விட்டு எங்கேயும் போகாத அக்காளுக்கு அது பழக்கமில்லை. கண்டக்டரிடம் சில்லறையை நீட்டி, அவர் சும்மா சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொண்டாள். திருக்கடையூரில் காரும் வேனுமாக நின்றன. மாலையும் கழுத்துமாய்க் கிழவர்களும் கிழவிகளும் ஈரப்புடவையோடு வெய்யிலில் நின்று கொண்டிருந்தார்கள். யாரோ போட்டோ பிடித்துக் கொண்டிருந்தார். நாம் அதைப் பார்த்து ஒரு பிரசங்கமே மனதுக்குள் தயார் செய்து கொண்டிருந்தோம். அக்காள் ஜன்னல் வழியாய்ப் பார்த்துவிட்டு, "அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி போலிருக்கிறது. யாராவது ஒரு நாற்காலி போடக் கூடாதா?" என்றாள். நாம் பிரசங்கத்தை நிறுத்திக் கொண்டோம்.

தரங்கம்பாடியில் 1620-இல் டென்மார்க்குக்காரர் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. 1706-இல் சீகன்பால்கு என்கிற பாதிரியார் அங்கே வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவர் வந்தது தமது மதத்தைப் பரப்புவதற்கு. அதில் நமக்கு ஒரு மரியாதையும் இல்லை. ஆனால் தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்து வைத்த காரியம், பிற்காலத்தில் மதத்தையே கேள்வி கேட்கிற பத்திரிகைகளுக்கும் பயன்பட்டதா இல்லையா? இதைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிக் கொண்டிருந்தோம். அவர்கள் கோட்டைச் சுவரில் ஓடிக் கொண்டிருந்தார்கள். கடலோரத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயில் ஒன்று உண்டு. அதன் பெரும்பகுதியைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து இந்த ஊரில் எத்தனையோ உயிரைக் கொண்டு போனதையும் அங்கிருந்த ஒரு மீனவப் பெரியவர் சொன்னார். தன் வீட்டுச் சுவரையே காத்துக் கொள்ளமுடியாத சாமியைப் பற்றி அவரிடம் பேசலாமா என்று நினைத்தோம். செத்தவர்கள் பேரை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொண்டு வந்ததைக் கேட்டு வாயை மூடிக் கொண்டோம்.

அக்காள் கடலைக் கடைசியாகப் பார்த்தது கலியாணத்துக்கு முன். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் தூரம் பதினைந்து மைல். முழங்கால் வரை நனைந்து கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்தபடி சாயங்காலம் வரை நின்றாள். கூப்பிட்டால் வரவில்லை. சாப்பாடு, சினிமா, பிரயாணம் மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு ஏழாயிரத்துச் சில்லறை. கடன் ஒரு காசும் இல்லை. கேட்ட பெரியவர்களுக்கு இந்தக் கணக்கையும் சொல்லியாயிற்று.

இப்போது எதிர்வீட்டு அம்மாளைத்தான் அக்காள் பிடித்துக் கொண்டிருக்கிறாள். அவரும் புருஷனை இழந்தவர். பிறந்த தேதி கேட்டால் அவருக்குத் தெரியாது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மாதத்தில் பிறந்ததாகத் தாயார் சொல்வாராம். அது 1964 டிசம்பர், அறுபது தாண்டிவிட்டது. "தாண்டினாலென்ன? தேதி தெரியாததும் நல்லதாய்ப் போயிற்று, நமக்குச் சௌகரியமான நாளாகப் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லி, அக்காள் காலண்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறாள். அந்த அம்மாள் ரயிலில் ஏறியதில்லையாம்.